பொறுமையான பிரேக்

மலையாள நாட்டில், கரமனையில் நான் குடியிருந்த வீட்டுக்கு அடுத்த வீட்டில் ஒரு சமையல்காரர் இருந்தார். கல்யாணம், பூணூல், சீமந்தம் எதுவானாலும் அந்த வட்டாரத்தில் அவரைத்தான் கூப்பிடுவார்கள். தெருவில் எல்லோருக்கும் அவர் மாமா. அவர் கையில் எதுவும் கெட்டுப்போனதில்லை என்று பெயர். அது உண்மைதான். கெட்டுப்போவதற்குக் கொஞ்சம் முன்னால் அதன் பெயரை மாற்றிவிடுவார்.

நான் அதை முதலில் பார்த்தது எங்கள் ஆபீஸ் சூப்பரண்டெண்ட் வீட்டுச் சீமந்தத்தில். பால் பாயசம் வைக்கச் சொல்லியிருந்தார்கள். மாமா கொல்லையில் யாரிடமோ பேச்சில் மெய்மறந்து நின்றதில் உருளியில் பால் சுண்டி இறுகிவிட்டது. கரண்டியை நட்டால் நிற்கும். கூட வந்த ஆட்கள் அவசரமாக அடுப்பிலிருந்து விறகை இழுத்தார்கள். மாமா ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். தோள் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு பந்திக்கு வந்தார்.

"இன்னிக்குப் பாயசம் இல்லை. திரட்டுப்பால் ஆக்கும். பிள்ளையாண்டிருக்கறவாளுக்கு விசேஷம்."

ஒரு பெரியவர் சந்தேகப்பட்டார். "திரட்டுப்பால்ல அரிசி வருமோ?"

"தஞ்சாவூர் திரட்டுப்பால்ல வராது. இது திருவிதாங்கூர் திரட்டுப்பால்" என்றார் மாமா.

பெரியவர் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

எழுபதுகளின் தொடக்கம் அது. மாமி காலமாகிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. மாமாவின் அடுக்களைக் கூரையில் ஓடு உடைந்திருந்தது. "வெளிச்சத்துக்கு விட்டிருக்கேன்" என்பார். மழை அதன் வழியாக உள்ளே கொட்டினால், "பாத்திரத்துக்கு மழைத் தண்ணி நல்லது, மனசிலாச்சோ?" என்பார். பொய் சொல்லுகிறார் என்று ஒருபோதும் தோன்றாது. சொல்லும்போதே அதை நம்பிவிடுவார். கேட்கிறவனுக்கும் பாதி நம்பிக்கை வந்துவிடும். வாய்க்கு வாய் "சாரமில்லை" என்பார். பரவாயில்லை என்பதற்கு மலையாளத்தில் அப்படித்தான். அவர் விஷயத்தில் அது ஒரு சமையல் முறை என்றே நான் நினைத்திருந்தேன்.

அவருக்கு ஒரே பெண், விசாலம். மெட்ராஸில் கட்டிக்கொடுத்திருந்தார். நான் அந்தத் தெருவுக்கு வந்த புதிதில் ஒரு நாள் அவள் ஒரு பெட்டியுடன் வந்து இறங்கினாள்.

"லீவுக்கு வந்திருக்கா" என்றார் மாமா.

பள்ளிக்கூடங்களில் கோடை லீவு முடிந்தது. ஓணம் லீவு வந்து போயிற்று. கிறிஸ்துமஸ் லீவும் போயிற்று. விசாலத்தின் லீவு மட்டும் முடியவில்லை. கேட்கிறவர்களுக்கெல்லாம் மாமா ஒரே பதிலை, அதே மலர்ந்த முகத்துடன் சொன்னார். விசாலம் உள்ளே தேங்காய் துருவிக்கொண்டிருப்பாள். நாளாக நாளாகத் தெருவும் கேட்பதை விட்டுவிட்டது.

கார் வந்த கதை இது. பூஜப்புரையில் ஒரு வக்கீல், வீட்டுக்குப் பின்னால் இருந்த ஷெட்டை இடித்து அறை கட்ட நினைத்தார். ஷெட்டுக்குள் அவருடைய அப்பா காலத்து இங்கிலீஷ் கார் ஒன்று கிடந்தது. பழைய இரும்புக்காரர்கள்கூட, இழுத்துப்போகிற கூலி கட்டாது என்று கைவிட்ட கார். அந்த வீட்டில் சமைக்கப் போயிருந்த மாமா அதைச் சும்மா எடுத்துக்கொண்டு போகலாமா என்று கேட்டார். வக்கீல் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

தெருவில் மாமா சொன்னது வேறு. "என் அவியலைச் சாப்பிட்டுட்டு வக்கீல் ஒரு கார் சன்மானம் பண்ணினார்."

கயிறு கட்டி ஆட்கள் இழுக்க, கார் கரமனைக்கு வந்து சேர்ந்தது. மாமா ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்து, இரண்டு பக்கமும் பார்த்துத் தலையசைத்துக்கொண்டே வந்தார்.

"என்ன மாமா, எஞ்சின் ஓடலையா?" என்று கேட்டேன்.

"ஓடாம என்ன? ரெஸ்ட் கொடுத்திருக்கேன்."

அவருக்கு வண்டி தேவைதான். பெரிய அண்டாக்களும் உருளிகளும் விறகும் இலைக்கட்டுமாகக் கல்யாண வீடுகளுக்குக் கொண்டுபோக, ஒவ்வொரு தடவையும் வாடகை வண்டி பிடிக்க வேண்டியிருந்தது. சம்பாதித்ததில் பாதி அதற்கே போயிற்று. இந்தக் காரின் பின்பக்கத்தை வெட்டிப் பாத்திர வண்டியாக மாற்றிவிட்டால் பிழைத்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டார். கணக்கில் பணம் என்கிற வரிதான் இல்லை.

கிள்ளிப்பாலம் பக்கம் ஒர்க்‌ஷாப் வைத்திருந்த மேஸ்திரி நாகர்கோவில்காரர். பானெட்டைத் திறந்து பார்த்தார். எஞ்சின் மேல் எலிகள் கூடு கட்டியிருந்தன. கூடு முழுக்க வக்கீலின் பழைய கேஸ் கட்டுகள்.

"சாமி, இது வண்டி இல்ல கேட்டேளா. வண்டிக்க எலும்பாக்கும்" என்றார் மேஸ்திரி.

"எலும்பு இருக்கோல்லியோ? மேல சதை வைக்கறது என் வேலை" என்றார் மாமா.

சதை வைக்க ஒரு மழைக்காலம் முழுவதும் ஆயிற்று. சாலைக் கடைத்தெருவில் லாரி உடைப்பவர்களிடம் வில்லுப் பட்டைகள் வாங்கினார். ஒரு சினிமாக் கொட்டகையில் பழைய நாற்காலிகளைக் கழித்துப்போட்டார்கள். அதிலிருந்து நாலு நாற்காலிகள் வாங்கிவந்து இரண்டை முன்பக்கமும் இரண்டை அவற்றுக்குப் பின்னாலும் முடுக்கினார்; அதற்கும் பின்னால் வெட்டின இடம் பாத்திரங்களுக்கு. முதுகில் வரிசை எழுத்தும் நம்பரும் அப்படியே இருந்தன. தரைத் தகடு இற்றுப்போன இடத்தில் ஒரு பழைய பலாக் கதவை அறுத்துப் போட்டார். ரேடியேட்டர் ஒழுகியது. மஞ்சள்பொடி போட்டால் ஓட்டை அடைபடும் என்று மேஸ்திரி சொன்னார். மாமாவுக்கு ஏக சந்தோஷம்.

"அப்படிச் சொல்லும்! பெருங்காயமும் ஒரு துளி போடட்டுமா?"

"வேண்டாம் சாமி. இது சாம்பாரில்ல."

அதற்கப்புறம் அந்தக் கார் சூடேறினால் ஆவியில் மஞ்சள் வாசனை வரும்.

கூரைத் தகட்டைத் தட்டியபோது துரு பொலபொலவென்று கொட்டியது. புதுக் கூரை போட வசதியில்லை. மாமா சுற்றிவந்து பார்த்துவிட்டு, "எடுத்துடும்" என்றார். மேஸ்திரி கூரையை அடியோடு அறுத்து எடுத்துவிட்டார். ரோட்டில் நின்ற அந்த மொட்டைக் காரைப் பார்த்து எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"சிரிக்காதீங்கோ. ஓப்பன் கார். மகாராஜாக்கள் எல்லாம் இதுலதான் போவா" என்றார்.

மிச்சமிருந்த பணத்தில் இரண்டில் ஒன்றுதான் முடியும்: பிரேக் அல்லது பெயிண்ட். மேஸ்திரி பிரேக்கைப் பற்றித் தெளிவாகவே சொன்னார். நான் பக்கத்தில் நின்றிருந்தேன்.

"உள்ள ரப்பர் எல்லாம் செத்துப் போச்சு சாமி. புதுசு போடணும். இல்லேண்ணா எறக்கத்துல நிக்காது, பாத்துக்கிடுங்க."

"இப்போ பிடிக்கறதோ இல்லையோ?"

"நாலு மிதி மிதிச்சா பிடிக்கும்."

"அப்போ என்ன? பொறுமையான பிரேக். நாமும் பொறுமையா ஓட்டினா மதி, அது போதும்."

"சாமி, வெளையாடாதீங்க."

மாமா பெயிண்ட் அடித்தார். நல்ல நீலம்.

மாற்றிக் கட்டின வண்டி ரோட்டில் ஓட வேண்டுமானால் மோட்டார் வண்டி இன்ஸ்பெக்டர் பார்த்துச் சம்மதிக்க வேண்டும். இங்கிலீஷில் மனு எழுதிக் கொடுத்த குற்றத்துக்காக நானும் வண்டிகளைச் சோதிக்கிற மைதானத்துக்குப் போனேன். இன்ஸ்பெக்டர் பாதி மலையாளமும் பாதித் தமிழுமாகப் பேசுகிறவர். ஒரு கதவு திறக்கவில்லை என்றார். "அது பாதுகாப்புக்கு" என்றார் மாமா. ஒரு விளக்கு எரியவில்லை என்றார். "பகல்ல எதுக்கு ஸார்?" என்றார் மாமா. பிரேக்கைப் பற்றி மாமா வாயைத் திறப்பதற்குள் இன்ஸ்பெக்டரே அதை மிதித்துப் பார்த்துவிட்டார்.

"கொண்டு போய்க்கோ. சரியாக்கிக் கொண்டு வா."

திரும்பும் வழியில் மாமா என்னிடம், "அவருக்கு வண்டி பிடிச்சுப் போச்சு. இன்னொரு தரம் பாக்கணுமாம்" என்றார்.

பேப்பர் இல்லாமலே வண்டி ஓட ஆரம்பித்தது. கரமனைக்குள் மட்டும்தான், அதனால் அது ரோடு இல்லை, வாசல் என்பது மாமாவின் வாதம். அண்டாக்களை ஏற்றிக்கொண்டு, மஞ்சள் வாசனையுடன், நடக்கிறவர்களை முந்தாத வேகத்தில் அது போய்க்கொண்டிருந்தது. அது அப்படியே போயிருந்தால் இந்தக் கதை இல்லை.

எங்கள் தெருவிலேயே ஒரு கல்யாணம். முந்தின நாள் சாயங்காலம் மாப்பிள்ளையைத் திறந்த காரில் உட்காரவைத்து ஊர்வலம் விடுகிற ஜானவாசத்துக்கு, கிழக்கேகோட்டையிலிருந்து ஒரு பெரிய மனிதரின் கார் வருவதாக ஏற்பாடு. கார் வரவில்லை. மாப்பிள்ளையின் மாமா துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு, ஜானவாசம் இல்லாமல் முகூர்த்தம் இல்லை என்று நின்றார். பெண்ணின் அப்பா அழுகிற நிலைக்கு வந்துவிட்டார். சமையல் மாமா கொல்லை வழியாக ஓடினார். அண்டாக்களை இறக்கினார். வண்டியைக் கழுவி, பலாக் கதவின் மேல் ஜமுக்காளம் விரித்து, துருப்பிடித்த இடங்களில் மாலை சுற்றி, வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். கோட்டும் சூட்டும் போட்ட மாப்பிள்ளை சினிமா நாற்காலியில் ஏறி உட்கார்ந்தார். மாலையில் ரோஜா வாசனையா மஞ்சள் வாசனையா என்று யாருக்கும் பிரித்துத் தெரியவில்லை.

அன்றிலிருந்து மாமாவுக்குச் சமையலைவிடக் காருக்கு அழைப்பு அதிகம். வாடகை குறைவு. கூரை துருப்பிடித்ததால் அறுபட்ட கார், கரமனையில் மாப்பிள்ளைகளுக்கு ஒரு மரியாதை ஆகிவிட்டது. ஒரு பிள்ளை வீட்டார், நீலக் கார் உண்டா என்று நிச்சயதார்த்தத்திலேயே கேட்டதாகச் சொன்னார்கள். மாமா வெள்ளை வேஷ்டியும் மார்பில் சந்தனமுமாகத் தானே ஓட்டுவார். மேஸ்திரி வழியில் பார்த்தால், "சாமி, பிரேக்கு" என்பார். மாமா கையை ஆட்டி, "சாரமில்லை" என்பார்.

ஆற்றுப் பக்கம் இறங்குகிற சரிவு ஒன்று உண்டு. சாதாரணமாக ஊர்வலம் அந்தப் பக்கம் போகாது. ஒரு ஜானவாசத்தில் மாப்பிள்ளையின் அத்தை வீடு அங்கே இருந்ததால் அதன் வழியாகப் போக வேண்டும் என்றார்கள். முன்னால் நாதஸ்வரம், தவில். பெட்ரோமாக்ஸ் விளக்குகள். பின்னால் கார். அதற்குப் பின்னால் நாங்கள். சரிவின் பாதியில் கார் கொஞ்சம் வேகம் பிடித்தது. மாமாவின் வலது கால் ஏறி இறங்குவதை நான் பார்த்தேன். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. அதற்கு மேலும்.

பெரிய வேகம் இல்லை. ஓடிப்போய் ஒதுங்கலாம். ஆனால் தவில்காரருக்கு முதுகில் கண் இல்லை, தவிலின் சத்தத்தில் கூச்சலும் கேட்கவில்லை. முன்சக்கரம் அவர் காலில் ஏறி இறங்கியது. கார் அத்தை வீட்டுப் பந்தல்காலில் முட்டி நின்றது. மாப்பிள்ளை நாற்காலியிலேயே இருந்தார். மாலைகூடக் கலையவில்லை.

மாமா குதித்து ஓடினார். தவில்காரர் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் கிடந்தார். மாமா பக்கத்தில் உட்கார்ந்து, "ஒண்ணுமில்லை, ஒண்ணுமில்லை, சுளுக்கு. கொஞ்சம் நல்லெண்ணெய் கொண்டாங்கோ, நீவினா சரியாப் போயிடும்" என்று அந்தக் காலை இழுக்கப் போனார்.

பெண்கள் கூட்டத்திலிருந்து விசாலம் வந்தாள். மாமாவின் கையைப் பிடித்து விலக்கினாள்.

"தொடாதீங்கோ அப்பா. எலும்பு ஒடிஞ்சிருக்கு."

"சுளுக்குடி."

"ஒடிஞ்சிருக்கு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும்."

"இத்தனை பேர் முன்னாடி எதுக்கு இப்படிக் கத்தறே?"

"இத்தனை பேர் முன்னாடிதானே இடிச்சேள்? பிரேக் இல்லைன்னு மேஸ்திரி சொல்லலையா? பொறுமையான பிரேக்காம்!" அவள் நிறுத்தவில்லை. "என்னையும் அப்படித்தானே சொல்லிண்டு திரியறேள்? நான் லீவுக்கு வரலைப்பா. அவர் என்னை அடிச்சார். தினம் அடிச்சார். நான் ஓடி வந்தேன். வந்த அன்னிக்கே உங்ககிட்ட சொன்னேன். நீங்க வாசலுக்குப் போய் லீவுன்னு சொன்னேள்."

நாதஸ்வரம் நின்றுபோன நேரம். வாசித்துக்கொண்டிருந்தால் பாதிப் பேருக்குக் கேட்டிருக்காது. இப்போது தெரு முழுவதும் கேட்டது. மாமா தரையில் உட்கார்ந்தபடியே இருந்தார். நானும் விசாலமும் ஒரு டாக்ஸி பிடித்துத் தவில்காரரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இந்த மாப்பிள்ளையின் மாமா, ஜானவாசம் பாதியில் நின்றது சகுனமா என்று யாரிடமோ கேட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் கல்யாணம் நன்றாகவே நடந்தது. சமையலும் மாமாவுடையதுதான். அன்று சாம்பாரில் உப்பு கூடிவிட்டது. மாமா பந்திக்கு வந்து, "உப்பு ஜாஸ்தியாப் போச்சு. மன்னிக்கணும்" என்றார். பந்தியில் இருந்தவர்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அவர்கள் அதற்குப் பழகவில்லை.

அவர் தன்னிடமிருந்த பெரிய வெண்கல உருளியை விற்றார். பாத்திரம் கொண்டுபோக வாங்கின காருக்காகப் பாத்திரம் போயிற்று. அதில் ஒரு பங்கு தவில்காரரின் வைத்தியத்துக்கு, ஒரு பங்கு பிரேக்குக்கு. தவில்காரர் எழுந்து நடக்கிற வரை அவர் வீட்டுக்கு மாமாவே தூக்குச்சட்டியில் சாப்பாடு கொண்டுபோனார். முதல் நாள் நானும் கூடப் போனேன். வாசலில் நின்று, "என் வண்டிதான் இடிச்சுது. பிரேக் இல்லைன்னு தெரிஞ்சும் ஓட்டினேன்" என்றார். தவில்காரர் தூக்குச்சட்டியைப் பார்த்தார். "ஓய், ரசம் கொண்டு வந்தீரா?" என்று கேட்டார்.

மாமா ஸ்டியரிங்கை அப்புறம் தொடவில்லை. வண்டியை விற்றுவிடலாம் என்றார். விசாலம்தான் வேண்டாம் என்றாள். மேஸ்திரியிடம் போய், தனக்கு ஓட்டச் சொல்லித்தரும்படி கேட்டாள். மேஸ்திரி அன்று கடையில் இருந்த எல்லோரையும் ஒரு தடவை பார்த்துவிட்டு, "மக்கா, கிளச்சு கொஞ்சம் கடுப்பமாக்கும், லேசுல அமுங்காது" என்றார். அவள், "என் காலும் கடுப்பம்தான்" என்றாள்.

காரை மறுபடி இன்ஸ்பெக்டரிடம் கொண்டுபோனபோது அவள் லைசென்ஸ் வாங்கியிருந்தாள். நானும் போனேன். இன்ஸ்பெக்டருக்கு மாமாவை நினைவிருந்தது. "எந்தா, கதவு இப்பவும் பாதுகாப்பா?" என்றார்.

மாமா ஒதுங்கி விசாலத்துக்கு வழிவிட்டார். விசாலம் சொன்னாள்: "கதவு பழுது ஸார். புதுக் கீல் போட்டாச்சு. விளக்கு பழுதா இருந்தது, மாத்தியாச்சு. பிரேக் சுத்தமா இல்லை. எல்லாம் புதுசு. ரேடியேட்டர் இன்னும் கொஞ்சம் ஒழுகறது. வர்ற மாசம்தான் முடியும்."

இன்ஸ்பெக்டர் ஓட்டச் சொன்னார். அவள் மைதானத்தைச் சுற்றி ஓட்டி, அவர் கையைக் காட்டின இடத்தில் ஒரே மிதியில் நிறுத்தினாள். "கொள்ளாம், நல்லா இருக்கு" என்றார் இன்ஸ்பெக்டர். பேனாவைத் திறந்துகொண்டு, வண்டியை ஒரு தடவை சுற்றிவந்தார். சினிமா நாற்காலிகளையும் பலாக் கதவையும் பார்த்தார்.

"இது காரும் இல்லை, லாரியும் இல்லை. இதுக்கு என்ன பேர் எழுதறது?"

நான் மாமாவைப் பார்த்தேன். அவர் வாழ்நாள் முழுவதும் இந்தக் கேள்விக்காகவே காத்திருந்த மனிதர். வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார்.

"எனக்குத் தெரியலை ஸார். அவளைக் கேளுங்கோ."

"சாமான் வண்டின்னு எழுதுங்கோ" என்றாள் விசாலம்.

அதற்குப் பிறகு அதில் ஏறி ஊர்வலம் போன மாப்பிள்ளைகள் எல்லோரும் சட்டப்படி சாமான்கள். அதைப் பற்றி யாரும் புகார் சொல்லவில்லை. ஜானவாசக் காரைப் பெண்பிள்ளை ஓட்டுவதா என்று முதலில் சிலர் முகம் சுளித்தார்கள். வேறு காருக்கு வாடகை விசாரித்துவிட்டுத் திரும்பி வந்தார்கள். மெட்ராஸ்காரனிடமிருந்து அவள் தன் நகைகளையும் பாத்திரங்களையும் வழக்குப் போட்டு வாங்கினாள். அதற்கு மாமாவும் கூடப் போய், கோர்ட்டில் நடந்ததை நடந்தபடி சொன்னார். நான் மாற்றலாகி அந்த ஊரை விட்டுப் போகிற வரை அவள்தான் அந்த வண்டியை ஓட்டினாள்.

எனக்கு அதிகம் நினைவிருப்பது இன்ஸ்பெக்டரிடமிருந்து திரும்பி வந்த அந்த மத்தியானம்தான். விசாலம் ஓட்டினாள். பக்கத்தில் மாமா. பின்னால் நான். வெயில் நேராகத் தலையில் இறங்கியது. கரமனைப் பாலத்தருகே ஒரு மாட்டு வண்டி குறுக்கே வர, அவள் நிறுத்தினாள். மாமா இரண்டு கைகளாலும் முன்பலகையைப் பிடித்துக்கொண்டிருந்தார். வண்டி நின்ற பிறகும் கையை எடுக்கவில்லை.

"எனக்குப் பயமா இருந்ததுடி" என்றார்.

"நான்தான் நிறுத்திட்டேனே அப்பா."

"இப்போ இல்லை. நீ பெட்டியோட வந்து நின்ன அன்னிக்கு."

மாட்டு வண்டிக்காரன் மாட்டை அதட்டி ஓரம் கட்டிக்கொண்டிருந்தான். விசாலம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கும்தான்" என்றாள். வழி விட்டதும் கியரைப் போட்டாள்.